தேதி போடாத சுகாதாரத் தளம்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரின் அனுபவம்

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் தங்கை ஒருவர், "அந்தத் தமிழ் சுகாதாரத் தளத்தைத் தாய்மார்கள் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா அண்ணா?" என்று கேட்டார். போடலாம், போடக்கூடாது என்று இரண்டு பதிலும் ஒன்றாக வாயில் வந்து நின்றன.

என் கடை தண்டையார்பேட்டையில் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன். ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள் கைபேசியை நீட்டி, "இதை ஒரு காப்பி" என்பார்கள். அதனால் இந்தத் தளத்தை நான் படித்ததைவிட அச்சடித்ததே அதிகம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய போனிலும் சிக்னல் இல்லாத சந்திலும் சட்டென்று திறக்கிறது. வெறும் எழுத்து, விளம்பரம் இல்லை. வேறு தளங்களில் டெங்கு என்று தேடினால் பாதிப் பக்கம் முடி வளர்க்கும் எண்ணெய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் கிடையாது. 2021 ஜூனில், கோவிட் தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தில் இந்திய மொழிகளைச் சேர்த்தபோதுகூட முதல் பட்டியலில் தமிழ் இல்லை. குரல் எழுந்த பிறகே வந்தது. ஆகவே நம் மொழியில் ஒழுங்காக ஒன்று இருப்பதே பெரிய விஷயம்.

வயிற்றுப்போக்குப் பக்கத்தை எழுதியவர் கையில் மோதிரம் போடலாம். ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அதோடு விடவில்லை. கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு, உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள் என்கிறது. சின்னப் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் குழந்தைக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய வெறும் தண்ணீர். இதைச் சொல்லும் சுவரொட்டியை நான் பார்த்ததில்லை.

இனி என் கோபம். எந்தப் பக்கத்திலும் தேதி இல்லை. எழுதிய தேதியும் இல்லை, திருத்திய தேதியும் இல்லை.

காசநோய்ப் பக்கத்தில் மாத்திரை வாரத்துக்கு மூன்று நாள் என்று இருக்கிறது. நாடு முழுவதும் தினசரி மாத்திரைக்கு மாறியது 2017இல். இன்னொரு பக்கத்தில் காசநோயாளியின் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் என்கிறது. 2024 நவம்பர் முதல் அது 1,000. ஒரே தளத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு காலம் ஓடுகிறது.

அச்சடிக்கும்போது இது இன்னும் மோசமாகிறது. பிரவுசர் தானாகவே காகிதத்தின் மேல் ஓரத்தில் அன்றைய தேதியைப் போட்டுவிடும். ஒரு பெரியவர் அந்தக் காசநோய்ப் பக்கத்தை லேமினேட் செய்யக் கேட்டார். மருமகளுக்காம், சமையலறையில் மாட்டப் போகிறாராம். இது பழைய முறை ஐயா, அட்டையில் டாக்டர் எழுதியதைப் பாருங்கள் என்றேன். மேல் மூலையில் விரலை வைத்து, "இன்றைய தேதி போட்டிருக்கிறதே தம்பி" என்றார். மேலே இன்றைய தேதி, கீழே 2017க்கு முந்தைய மருந்து. இப்போதெல்லாம் அந்தத் தேதி விழாதபடி பிரிண்ட் அமைப்பை மாற்றித்தான் எடுக்கிறேன்.

மருத்துவத்தில் சொன்ன சொல் மாறத்தான் செய்யும். கோவிஷீல்டு இரண்டாம் டோஸுக்கான இடைவெளி 2021 மார்ச்சில் 6–8 வாரம் என்றார்கள். மே மாதத்தில் 12–16 வாரம். அதைக் குறை சொல்லவில்லை. மொழிபெயர்க்க ஆளும் பணமும் ஒரு முறை கிடைக்கும், திருத்துவதற்கு யாரும் தரமாட்டார்கள் என்பதும் புரிகிறது. ஆனால் ஒரு வரி தேதி போட என்ன செலவு? மளிகைக்கடை ரொட்டிப் பாக்கெட்டில்கூட இருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு, அதுவும் வயிற்றுப்போக்குப் பக்கத்துக்காக. கடைக் கணினியில் பிரவுசரைத் திறந்தால் முதலில் வருவது இன்றும் இந்தத் தளம்தான். மாற்றும் எண்ணமும் இல்லை.

தங்கைக்குச் சொன்னது இது: முழுத் தளத்தின் இணைப்பை அனுப்ப வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பக்கத்தை மட்டும் தனியாக அனுப்பு. காசநோய் பற்றி யாராவது கேட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணைக் கொடு. மற்ற சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.