பக்கவாதத்துக்குப் பிறகு எங்கே வைத்துப் பார்ப்பது? வீடு, மறுவாழ்வு மையம், நர்சிங் இல்லம்: ஓர் ஒப்பீடு

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனை சில நாட்களில் டிஸ்சார்ஜ் செய்துவிடும். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் ஒரு பக்கக் கையும் காலும் அசையவில்லை, மூக்கில் உணவுக் குழாய் இருக்கிறது, சிறுநீருக்கு இன்னொரு குழாய். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று எழுதியிருப்பார்கள். எங்கே, யார், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. அன்று மாலைக்குள் குடும்பம் முடிவெடுத்தாக வேண்டும்.

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் பெரும்பாலும் மூன்று வழிகள் கண்ணில் படும். ஏஜென்சி மூலம் அட்டெண்டர் வைத்து, பிசியோதெரபிஸ்டை வரவழைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். சில வாரங்களுக்கு மறுவாழ்வு மையத்தில் சேர்க்கலாம். அல்லது படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சிங் இல்லத்திலோ முதியோர் இல்லத்தின் நர்சிங் பிரிவிலோ விடலாம். என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்த ஆண்டில் எங்கள் குடும்பம் இம்மூன்றையும் பட்டு அறிந்தது. அதன்பின் உறவிலும் நட்பிலும் பலருக்காக இடம் பார்க்கப் போயிருக்கிறேன்.

பார்த்த வரையில் நான் உறுதியாகச் சொல்வது ஒன்று. இருக்கும் உடல்நிலை கெடாமல் காப்பது ஒரு வேலை. இழந்த செயல்பாட்டை மீட்டெடுப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்குப் பொறுமையும் கவனமும் உள்ள கைகள் வேண்டும். இரண்டாவதற்குப் பயிற்சி பெற்ற குழு வேண்டும், நாள் கணக்கில் திட்டமும் வேண்டும். இரண்டையும் செய்வதாகப் பலகை வைத்திருக்கும் இடங்களில் பல, முதல் வேலையை மட்டுமே செய்கின்றன. நம் நோயாளிக்கு இப்போது எந்த வேலை தேவை என்று தெளியாமல் வாடகையையும் தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. அதில் இழப்பது பணம் மட்டும் அல்ல. பக்கவாதத்துக்குப் பின் உடல் வேகமாக மீண்டுவருவது முதல் மூன்று மாதங்களில்தான். அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் வேகம் குறைந்துவிடும்.

வீடும் அட்டெண்டரும்

வீட்டின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது: பழகிய குரல்கள், பழகிய சாப்பாடு, கேட்டவுடன் தண்ணீர். மருத்துவமனைக் கிருமிகளின் தொல்லையும் குறைவு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பணம் இல்லாத குடும்பத்துக்கு அது பெரிய கைகொடுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆனால் முதல் மூன்று மாதங்களில் வேண்டிய அன்றாடப் பயிற்சி முழுவதையும் அதுவே தந்துவிடாது.

பலவீனம் அட்டெண்டரின் பயிற்சியில் இருக்கிறது. வெள்ளைச் சீருடையில் வருகிறவரை நாம் 'நர்ஸ்' என்று கூப்பிடுகிறோம். மூன்றாண்டு டிப்ளமோவோ நர்சிங் பட்டமோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர்தான் செவிலியர். ஏஜென்சி அனுப்புகிறவர் பெரும்பாலும் அப்படிப்பட்டவராக இருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. குறைந்த சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில வேளைகளில் இருபத்து நான்கு மணி நேரமும், அந்நியர் வீட்டில் நிற்கும் பெண் அவர். கற்றுக்கொடுக்காமல் அனுப்பியவர்களுடையது பிழை.

அவர் நோயாளியைத் தூக்குவதைக் கவனியுங்கள், எல்லாம் தெரிந்துவிடும். செயலிழந்த பக்க அக்குளில் கையைக் கொடுத்து 'ஏலேலோ' என்று இழுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தசை தளர்ந்த தோளில் மூட்டு தானாகவே நழுவும் நிலையில் இருக்கும். அப்படி இழுப்பதால் மாதக்கணக்கில் வலி நிற்கும், வலி வந்த கைக்குப் பயிற்சியும் நின்றுபோகும். சரியாகச் செய்பவர் முதலில் நோயாளியைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்துவார். இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே பதிய வைப்பார். தன் முழங்காலால் நோயாளியின் வலுவிழந்த முழங்காலுக்கு அணை கொடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, 'முன்னே குனியுங்கள்' என்பார். குனிந்தால் உடல் தன் எடையிலேயே எழும்பும். முறை தெரிந்தவருக்கு இதில் பலம் அதிகம் வேண்டியதே இல்லை.

குடும்பத்தாரே பயிற்சி கொடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவு 2017 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு குடும்பத்தாருக்கும் பயிற்சி தந்து வீட்டில் செய்ய வைத்தது ஒரு குழு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றது மறு குழு. ஆறு மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து இரு குழுவிலும் 47 விழுக்காடு. படித்தபோது மனம் கனத்தது. ஆனால் அதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. மாமியார் இரவு பகலாக உட்கார்ந்து கைவிரல்களை நீவிவிட்டும் பலன் தெரியாதபோது, 'நான் சரியாகச் செய்யவில்லையோ' என்று அழுதார். அது அவர் குற்றம் அல்ல. அவ்வளவு பெரிய வேலையை ஒரு மனைவியின் தலையில் மட்டும் வைக்கக் கூடாது.

மறுவாழ்வு மையம்

இந்தியாவில் இப்படி ஒரு இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியில் 1966 இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவானது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தனியார் மையத்தில் அட்வான்ஸ் கட்டும் முன் இவற்றில் ஒன்றில் ஆலோசனை கேட்டுவிடுவது நல்லது. அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு கிடைக்கும்.

தனியார் மையங்களில் வரவேற்பறையைத் தாண்டியதும் கருவிகளைக் காட்டுவார்கள்: ரோபோ கை, நடைப்பயிற்சி இயந்திரம், பெரிய திரை. அவற்றால் பயன் உண்டு. ஆனால் நான் முதலில் கேட்பது 'எங்கள் நோயாளியை எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள், அன்று அவரால் என்னென்ன செய்ய முடியும்?' என்பதுதான். உண்மையான மறுவாழ்வு மையம் முதல் சில நாட்களிலேயே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும். 'ஆறு வாரம். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு ஒருவர் துணையோடு மாறுவார், கழிவறைக்கு வாக்கரில் போவார், நடப்பது எவ்வளவு என்று நான்காவது வாரம் சொல்கிறேன்' என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. 'போகப் போகப் பார்க்கலாம், மாதா மாதம் புதுப்பித்துக்கொள்ளலாம்' என்றால் அது கட்டில் வாடகைக்கு விடும் இடம்.

அடுத்து, மதிப்பெண். பார்த்தெல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, கழிவறை, நடப்பது, படி ஏறுவது முதலிய 10 செயல்களுக்கு மொத்தம் 100 வரை மதிப்பெண் இடுவார்கள். இதையோ இதுபோன்ற வேறொன்றையோ சேர்க்கும் நாளிலும் பிறகு வாரா வாரமும் எழுதி வைக்காத மையம், முன்னேற்றத்தை எதை வைத்துச் சொல்கிறது? 'இப்போது நன்றாக இருக்கிறார்' என்பது மதிப்பீடு ஆகாது.

பிசியோதெரபி மட்டும் இருந்தால் அது அரைகுறை. சட்டைப் பொத்தான் போடவும் தட்டிலிருந்து எடுத்து உண்ணவும் கற்றுத்தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேண்டும். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் தனிப் பயிற்சியாளர் வேண்டும். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு இட்லியும் காபியும் கொடுத்தால், உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். இதை யார் சோதிப்பார், அவர் முழுநேரமா, வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிறவரா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாட்களும் எப்படி என்றும் கேளுங்கள். பொங்கல் வாரம் முழுக்க ஒருவரும் பயிற்சி கொடுக்காத இடத்தை எனக்குத் தெரியும். அந்த வாரத்துக்கும் கட்டணம் முழுதாகவே வாங்கினார்கள்.

மறுவாழ்வு மையத்தின் பெரிய குறை செலவு. மெடிக்ளைம் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில், அதாவது பாலிசி பணம் தராத இனங்களில், ஐந்தாவது, ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, இடைக்காலப் பராமரிப்பு ஆகியவற்றுக்கானது. பாலிசித் தாளில் 'Excl05' என்ற குறியீட்டைத் தேடினால் கிடைக்கும். பேக்கேஜ் தொகைக்கு வெளியே டயப்பர், கையுறை, மருந்து, சிறப்பு மருத்துவர் வருகை என்று பில் நீளும். எவையெல்லாம் தனி என்பதை எழுதி வாங்குங்கள்.

நர்சிங் இல்லம்

இங்கே மதிப்பீடு முற்றிலும் வேறு. இவர்களிடம் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்; புண் வராமல், விழாமல், மூச்சுத் திணறாமல், மானத்தோடு வைத்திருந்தால் போதும். அதை நன்றாகச் செய்யும் இடத்தைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அமெரிக்காவில் 2008 முதல் அரசே ஒவ்வொரு நர்சிங் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டு வெளியிடுகிறது. ஆய்வாளர்களின் கண்டறிதல்கள், பணியாளர் அளவு, நோயாளிகளின் நிலை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இல்லங்கள் தாமே தரும் விவரங்களும் அதில் கலந்திருப்பதால் அங்கேயும் குறை சொல்கிறவர்கள் உண்டு. ஆயினும் பார்த்து ஒப்பிட ஏதோ ஒன்று இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு ஏற்பாடு வர வேண்டும். அதுவரை கூகுள் நட்சத்திரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் நேரில், சொல்லாமல், இரவு உணவுக்குப் பின் போங்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். இரவில் இத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர், அவர்களில் பதிவு பெற்ற செவிலியர் எவர் என்பதுதான் கேள்வி.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கமான விதி. ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்ப வேண்டும். கட்டில் காலில் அதற்கான சார்ட் தொங்கும். என் மாமனார் இருந்த ஓர் இல்லத்தில் மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சார்ட்டைப் பார்த்தேன். இரவு எட்டு மணிக் கட்டத்திலும் பத்து மணிக் கட்டத்திலும் அப்போதே டிக் போட்டிருந்தது. எல்லா டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தேன். ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது, விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் நிலை அது. குதிகாலிலும் முதுகின் அடியில் வால் எலும்புப் பக்கமும்தான் முதலில் வரும். மறுநாளே அங்கிருந்து அவரை அழைத்து வந்துவிட்டோம்.

ஆகவே சார்ட்டை நம்பாதீர்கள், தோலைப் பாருங்கள். உதடு காய்ந்திருக்கிறதா, நாக்கில் வெள்ளைப் படிவு இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குழாய் வழி உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். பிடுங்கிவிடுகிறார் என்று கையைக் கட்டில் கம்பியில் கட்டியிருந்தால், யார் உத்தரவு, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நோயாளிகள் பகல் முழுக்க ஒரே மாதிரி தூங்கிக்கொண்டிருந்தால் மாத்திரைப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். 'இங்கே யாருக்கும் புண்ணே வராது' என்று சொல்லும் இடத்தைவிட, 'இப்போது இரண்டு பேருக்கு இருக்கிறது, இருவரும் வரும்போதே புண்ணோடு வந்தவர்கள், இதோ பதிவு' என்று சொல்லும் இடத்தை நான் நம்புவேன்.

உரிமமும் ஒன்றல்ல. சிகிச்சை தரும் இடம் 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். முதியோர் இல்லம் சமூக நலத் துறையின் கீழ் வருவது. ஊசியும் குழாயும் போடுகிற இடத்தில் முதியோர் இல்லப் பதிவு மட்டும் இருந்தால், அவசரத்துக்கு எந்த மருத்துவர் வருவார் என்று துருவிக் கேட்க வேண்டும்.

யாருக்கு எது

பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள், சொன்னதைப் புரிந்துகொண்டு ஒத்துழைக்கக் கூடியவர் என்றால் கடன்பட்டாவது, அரசு நிலையத்தில் காத்திருந்தாவது, மறுவாழ்வு மையம்தான் என் தேர்வு. நான்கு வாரம் கிடைத்தாலும் போதும், அந்த நான்கு வாரத்தில் குடும்பத்தில் ஒருவர் உடனிருந்து தூக்குவதையும் உணவூட்டுவதையும் கற்றுக்கொண்டு பிறகு வீட்டுக்கு வரட்டும். அந்த வரிசையில் வந்தால் வீடு மிக நல்ல இடம். முதலிலேயே வந்தால்தான் சிக்கல்.

பல மாதங்கள் கடந்து, முன்னேற்றம் நின்று, வீட்டில் இருவர் இருக்கிறார்கள் என்றால் வீடே நல்லது. மறுவாழ்வு மையத்துக்கு மாதா மாதம் கட்டும் பணத்தில் நல்ல அட்டெண்டர் ஒருவருக்கு நியாயமான சம்பளம் கொடுக்கலாம். பிள்ளைகள் வெளியூரில், துணைவருக்கும் எழுபது வயது என்றால் நர்சிங் இல்லம். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், வாரத்தில் யாராவது ஒருவர் போய்ப் போர்வையை விலக்கிப் பார்க்கும் ஏற்பாடு மட்டும் இருக்க வேண்டும். ஊரில் உறவினர் எவரும் இல்லை என்றால் பணம் கொடுத்தாவது ஒரு பிசியோதெரபிஸ்டையோ செவிலியரையோ அதற்கு அமர்த்துங்கள்.

எங்கே சேர்த்தாலும் முதலில் இரண்டு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள். சேர்க்கும் அன்றே குதிகால், இடுப்பு, முதுகு மூன்றையும் தேதியோடு படம் எடுத்து, 'புண் இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதி டியூட்டி செவிலியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.