தெரெமினுக்கு எர்த் கொடுத்த பிறகு: குளச்சல் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

தெரெமின் என்பது கை படாமல் வாசிக்கிற மின்னணுக் கருவி. 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெர்மன் உருவாக்கியது. செங்குத்துக் கம்பிக்குக் கை அருகே போனால் சுருதி ஏறும். வளையக் கம்பி ஒலியைக் கூட்டும், குறைக்கும். நான் வீட்டிலேயே சாலிடர் வைத்துச் செய்தது 12 வோல்ட்டில் ஓடுகிறது. குளச்சல் பக்கம் கடலோர வீட்டில் வருஷக்கணக்காக வாசித்துப் பார்த்ததில் தெரிந்தது: சர்க்யூட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எர்த் சரியில்லை என்றால் சுருதி நிற்காது.

காரணம் எளிது. உள்ளே இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது மின் அலைவை உண்டாக்கும் சர்க்யூட்டுகள், லட்சக்கணக்கான ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. நாம் கேட்பது அவற்றின் வித்தியாசத்தை மட்டும்தான். கையால் மாறும் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) ஒரு பிகோஃபாரடுக்கு முன்னே பின்னே, மிகச் சின்ன அளவு. அந்தச் சின்ன மாற்றம் கம்பி, கை, உடம்பு, தரை என்று போய் சர்க்யூட்டின் கிரவுண்டுக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பும் வழி சரியில்லை என்றால் ஹெட்போன் ஒயரைத் தொட்டாலே ஸ்வரம் நகர்கிறது.

பேட்டரியில் இரைச்சல் இல்லை, ஆனால் கைக்குக் கருவி பாதிதான் கட்டுப்பட்டது. இரண்டு பின் அடாப்டரில் போட்டால் 50 ஹெர்ட்ஸ் உறுமல், பெட்டியைத் தொட்டால் லேசாகக் கூசும். அடாப்டருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர் வழியாக மெயின்ஸ் கசிவதுதான் அது. மூன்று பின் பிளக் உள்ள ஆம்ப்ளிஃபயரில் மாட்டியதும் இரண்டும் போனது. ஆடியோ கேபிளின் ஷீல்டே (உள் ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறை) கருவிக்கு எர்த் ஆகிவிடுகிறது. ராத்திரி ஹெட்போனில் வாசிக்க மட்டும் வீட்டு எர்த்திலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டினால் எர்த்துக்கு இரண்டு வழி ஆகி, கிரவுண்ட் லூப் என்கிற உறுமல் சில சமயம் வரும். அப்போது தனி ஒயரைக் கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

இங்கே பெரிய எதிரி உப்புக்காற்று. எர்த் குழியில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பும் செம்பு ஒயரும் சேரும் கிளாம்ப் துருவும் பச்சையுமாகிவிடுகிறது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் 230 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஏமாற வேண்டாம். எலக்ட்ரீஷியன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போட்டார். அது மங்கலாக எரிந்தபோதுதான் எர்த் சரியில்லை என்று புரிந்தது. (ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், உள்ள வீட்டில் இந்தச் சோதனையில் அது டிரிப் ஆகும். நீங்களாகச் செய்யாதீர்கள்.) கிளாம்பை மாற்றி, கிரீஸ் பூசி, குழியில் தண்ணீர் ஊற்றினார். அன்று மாலையே மோகன ராகத்தில் காந்தாரம் அசையாமல் நின்றது. ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கு இவ்வளவு இணங்கும் கருவிக்கு நிற்கும் ஸ்வரம்தான் சிரமம் என்பது வேடிக்கை!

ஆனி ஆடிச் சாரலில் கம்பியின் அடிப் பிளாஸ்டிக்கில் உப்பும் ஈரமும் படிந்து சுருதி மெல்ல நகரும். உலர்ந்த துணியால் துடைத்தால் சரியாகும். ஆன் செய்ததும் வாசிக்காமல் கொஞ்ச நேரம் சூடாக விடுங்கள். கருவிக்கென்று முற்றத்தில் தனி எர்த் கம்பி அடிக்க வேண்டாம். வீட்டு எர்த்தோடு சேராத தனிக் கம்பி இடி மின்னலின்போது ஆபத்து. சித்திரை இடியிலும் ஐப்பசி இடியிலும் நான் எல்லா ஒயரையும் கழற்றி வைத்துவிடுகிறேன்.