டெப்ளாய்: விரிப்பதா, அந்தப் பக்கம் எறிவதா?

ஆங்கில ராணுவச் செய்திகளில் வரும் 'டெப்ளாய்' என்ற வினை ரஷ்யனில் ஒரே சொல்லுக்குள் அடங்காது.

அகராதி முதலில் நீட்டுவது 'ரஸ்விர்னூத்'. நேர்ப்பொருள், சுருட்டியதை விரிப்பது. ஆங்கிலச் சொல்லும் 'விரி' என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்ததுதான். நடைவரிசையில் வரும் படை சண்டை வரிசைக்கு மாறுவது, ஏவுகணையை ஏவத் தயாராக நிறுத்துவது எல்லாம் இதில் சேரும். அமெரிக்காவும் ரஷ்யாவும் அணு ஆயுதங்களைக் கட்டுப்படுத்த 2010-இல் கையெழுத்திட்ட புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் ரஷ்யப் பிரதியிலும் இந்த வினையின் வடிவம்தான் இருக்கிறது. அப்படி 'விரித்து' நிறுத்திய அணுகுண்டு முனைகள் 1,550-ஐத் தாண்டக்கூடாது என்பது அதன் வரம்பாக இருந்தது.

மற்றது 'பெரெப்ரோசித்', அந்தப் பக்கம் எறி. படைப்பிரிவு ரயிலிலோ விமானத்திலோ வேறிடம் போகிறது, அவ்வளவே. போய் விரிந்ததா என்பது இதற்குக் கவலையில்லை. 1962-இல் சோவியத்தின் ஆர்-12 ஏவுகணைகள் கியூபாவுக்குக் கப்பலேறியது இது. அங்கே ஏவுதளத்தில் நிறுத்தியது முன்னது.

'வீரர்கள் போலந்துக்கு டெப்ளாய் செய்யப்பட்டனர்' என்றால் தயங்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். நம் நாளிதழ்களின் 'படைக் குவிப்பு' இரண்டிலும் சேராத தனிப் பிறவி.