கப்பல் எத்தனை நாட் வேகத்தில் போகிறது? டிவி, போன், இணையம், கடல் நுரை: எதை நம்பலாம்

சென்னைத் துறைமுகத்தில் ஏறிச் சொகுசுக் கப்பலில் போய்வந்த குடும்பத்திடம் சாப்பாடு, அறை, ஆட்டம் பாட்டம் எல்லாம் விசாரித்து முடித்ததும் காசிமேட்டுப் பக்கம் ஒரு கேள்வி வரும்: "எத்தினி நாட்ல போச்சு?" அறையிலிருந்த டிவியைப் பார்த்த அப்பா 17 என்பார். போனைப் பார்த்த மகன் 32 என்பான். வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் கப்பலைத் தேடிப் பார்த்த தம்பி, "12தான் காட்டுச்சு" என்பான். ஜிபிஎஸ்ஸைப் பார்த்து விசைப்படகு ஓட்டுகிறவர்களிடம் இப்படி மூன்று எண்ணைச் சொல்லிவிட்டு நகர முடியாது. ஆனால் மூவரும் சரியான எண்ணையே சொல்லியிருக்கவும் கூடும். ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு வேகத்தை, வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு அலகில் காட்டுகிறது. எதை எதற்குப் பார்ப்பது என்று தெரிந்தால் குழப்பம் இல்லை.

அலகை முதலில் முடித்துவிடுவோம். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக, அப்பாவின் 17 நாட்டும் மகனின் 32 கிலோமீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். நாட்டைப் பாதியாக்கினால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். இந்தப் பாதிக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எவ்வளவு வேகம்தான் போகும்?

இன்றைய சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை 18 முதல் 22 நாட்டுக்குள் ஓடுபவை. 2022 ஜூனில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னையிலிருந்து தொடங்கிவைத்த சுற்றுலாவில் ஓடிய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 1990இல் கட்டப்பட்ட கப்பல். நீளம் சுமார் 211 மீட்டர், வேகம் 19 நாட்டை ஒட்டி. உலகின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்றான ஐகான் ஆஃப் தி சீஸ் கூட 22 நாட் அளவுதான். 1912இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதியபோது போய்க்கொண்டிருந்த வேகமும் ஏறக்குறைய அதே 22. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், 23 நாட்டுக்கு மேல் ஓடக்கூடியது. இன்றைய சொகுசுக் கப்பல்களில் பெரும்பாலானவை அதைத் துரத்திப் பிடித்திருக்காது.

வேகக் கப்பல் கட்டத் தெரியாமல் இல்லை. 1952 ஜூலையில் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் சராசரி 35.59 நாட்டில் அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2 தேவைப்பட்டால் 30 நாட்டைத் தொடும். ஆனாலும் அதே அட்லாண்டிக்கைக் கடக்க இப்போது வழக்கமாக ஏழு இரவு எடுத்துக்கொள்கிறது. காரணம் எண்ணெய்ச் செலவு. கப்பலின் வேகம் கூடக்கூட அதற்கு வேண்டிய இயந்திரச் சக்தி ஏறக்குறைய வேகத்தின் முப்படியாக, அதாவது வேகம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்காக, ஏறும்.

நம் கடலிலேயே கணக்குப் போடலாம். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் கடல் வழியே சுமார் 330 கடல் மைல். 18 நாட்டில் போனால் பதினெட்டே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 22 நாட்டில் போனால் 15 மணி நேரம். மிச்சமாகும் மூன்றே கால் மணி நேரத்துக்காக 80 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும், பயணம் முழுவதற்கும் ஒன்றரை மடங்கு எண்ணெய் எரியும். பயணியும் அவசரத்தில் ஏறவில்லை. இரண்டு இரவும் நடுவில் ஒரு பகலுமாக 36 மணி நேரத்தில் போய்ச் சேரும்படி அட்டவணை இருந்தால் சராசரி 9 நாட்டுக்குச் சற்று மேல்தான் வரும். விளம்பரத்தில் போட்டிருக்கும் உச்ச வேகத்தை டிவியில் காணவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். அது கப்பலின் குறை இல்லை.

அறை டிவி

வசதி என்று பார்த்தால் இதற்கு இணை இல்லை. பெரும்பாலான கப்பல்களில் ஒரு சேனல் முழுக்க வரைபடம், திசை, காற்று, வேகம் ஓடிக்கொண்டிருக்கும். எண் மாலுமிகளின் கருவியிலிருந்து வருவதால் நம்பலாம். அது காட்டுவது பொதுவாகத் தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம், அதாவது பூமியின் மேல் கப்பல் எவ்வளவு நகர்ந்தது என்பது. திரையில் சில சமயம் எண் தாமதமாக மாறும். துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது வேகம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவருக்கு அது போதாது. நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் வேகம் சொல்லும் வழக்கமும் சில கப்பல்களில் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், அளப்பதற்கு ஆகாது.

கையிலிருக்கும் போன்

என் ஓட்டு இதற்குத்தான், சில நிபந்தனைகளோடு. ஜிபிஎஸ் வேலை செய்ய சிம்மோ நெட்டோ வேண்டியதில்லை. செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலைப் போன் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். விமானப் பயன்முறையில் போட்டாலும் இன்றைய போன்களில் ஜிபிஎஸ் ஓடும். அப்படிப் போட்டுவைப்பது நல்லதும்கூட. கரையின் டவர் விட்டுப்போனதும் கப்பலின் சொந்த மொபைல் நெட்வொர்க்கில் போன் தானாக ஒட்டிக்கொண்டால் ரோமிங் கட்டணம் எகிறிவிடும்.

நெட் இல்லாத இடத்தில் முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்கப் போன் பல நிமிடம் எடுக்கும். எனவே கப்பல் துறைமுகத்தின் பாரதி டாக்கைத் தாண்டுவதற்குள் வேகம் காட்டும் செயலியை ஒருமுறை திறந்து ஓடவிட்டுக்கொள்ளுங்கள். அலகை நாட்டுக்கு மாற்றிவிடுங்கள், வரைபடத்தையும் முன்பே இறக்கிவைத்துவிடுங்கள். கேபினுக்குள் சுற்றிலும் இரும்பு என்பதால் சிக்னல் கிடைக்காது, பால்கனிக்கோ திறந்த டெக்குக்கோ வந்துதான் ஆக வேண்டும்.

பலர் தவறவிடும் விஷயம் ஒன்று. போன் காட்டுவது போனின் வேகம். கப்பலின் முன்பக்கம் நோக்கி விறுவிறுவென்று நடந்துகொண்டே பார்த்தால் இரண்டரை நாட்டுக்கு மேல் கூடிவிடும், பின்பக்கம் நடந்தால் அதே அளவு குறையும். மேல் டெக்கில் கப்பல் ஆடும்போது எண்ணும் கூடவே ஆடும். கைப்பிடிக் கம்பியோரமாக ஓரிடத்தில் நின்று, ஒரு நிமிடம் பார்த்துச் சராசரியை எடுங்கள். டிவியோடு அரை நாட்டுக்குள் ஒத்துப்போகும்.

போனுக்குள் இன்னொரு அளவு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: அட்சரேகை. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். சென்னைத் துறைமுகம் 13 பாகை 6 நிமிடத்தை ஒட்டி, புதுச்சேரி 11 பாகை 56 நிமிடத்தை ஒட்டி. இரண்டுக்கும் நடுவே 70 நிமிடம், அதாவது வடக்கு தெற்காக 70 கடல் மைல். கப்பல் நேர் வடக்கே போகும்போது ஒரு மணி நேர இடைவெளியில் அட்சரேகையை இரண்டு முறை குறித்தால், வித்தியாசமே நாட். எந்தச் செயலியும் கணக்குப் போட்டுத் தர வேண்டியதில்லை. விசாகப்பட்டினம் போகும்போது இப்படிச் செய்தால் ஏமாறுவீர்கள். பாதை வடகிழக்காகச் சாய்வதால் 18 நாட்டில் போனாலும் மணிக்கு 15 நிமிடம்தான் ஏறும்.

இணையத்தில் தேடுவது

மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற இணையதளங்கள் கப்பல் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் ஏஐஎஸ் சிக்னலைக் கரையிலிருக்கும் ஏரியல்கள் வழியாக வாங்கிக் காட்டுகின்றன. ஓடும் கப்பல் சில விநாடிகளுக்கு ஒருமுறை தன் இடத்தையும் வேகத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் அது விஎச்எஃப் என்ற, அதிக தூரம் எட்டாத ரேடியோ அலைவரிசை. கரையிலிருந்து சுமார் 40 கடல் மைல் தாண்டினால் பிடிபடாது. அதற்கு மேல் செயற்கைக்கோள் வழியாகத்தான் தெரியும், அது பெரும்பாலும் பணம் கட்டுபவர்களுக்கு. அதனால் இலவசப் பக்கத்தில் கடைசியாகக் கிடைத்த இடமும் வேகமும் அப்படியே நிற்கும். "இன்னாடா, கப்பலு நடுக் கடல்ல அப்டியே நின்னுகினு கீது!" என்று தண்டையார்பேட்டையில் ஒரு பெரியம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறார். கப்பல் அப்போது நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. வேக எண்ணுக்குப் பக்கத்தில் "எத்தனை நிமிடத்துக்கு முன்பு" என்று சின்ன எழுத்தில் இருக்கும். வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். முதல் பத்தியில் தம்பி பார்த்த 12, கப்பல் வேகமெடுப்பதற்கு முன்னால் பதிவானதாக இருக்கலாம். கப்பலில் இருப்பவருக்கு இந்த வழி கடைசித் தேர்வு, கரையில் இருப்பவருக்கு இதுதான் முதல் தேர்வு.

கடல் நுரையும் கடிகாரமும்

மேலே சொன்ன மூன்றும் தரையை வைத்து அளப்பவை. கப்பல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது வேறு. கடல் ஓடும் என்று வடசென்னைக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுகச் சுவர் எழுந்தபின் மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போக, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை அரித்துப்போனதை நம் வீடுகளே பார்த்தன. அது கரையோர அலைகள் மணலைத் தள்ளிய கதை. ஆழத்தில் கப்பலுக்குக் கணக்காவது நீரோட்டம். பிப்ரவரியிலிருந்து மே வரை நம் கரையோரம் அது வடக்கு நோக்கி ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்பும். வேகமாக ஓடும் நாட்களில் ஒன்றிரண்டு நாட் இருக்கும். தண்ணீரில் 16 நாட்டில் போகும் கப்பல் ஏப்ரலில் வடக்கே போனால் போனில் 17 காட்டலாம், திரும்பி வரும்போது 15 காட்டலாம். இயந்திரம் இரண்டு முறையும் ஒரே அளவுதான் உழைத்திருக்கும்.

தண்ணீர் வேகத்தைப் பயணியே அளக்க ஒரே வழி பழைய வழி. அந்தக் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டையோடு கடலில் விட்டு, 28 விநாடி மணல் கடிகாரம் முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ணினார்கள். நமக்கு நுரையே போதும். தண்ணீருக்கு அருகில் இருக்கும் நடைபாதை டெக்கில் 100 மீட்டர் இடைவெளியில் இருவர் நிற்க வேண்டும். முன்னால் இருப்பவர், நுரைத் திட்டு ஒன்று தன்னைக் கடக்கும்போது கையைத் தூக்குவார். பின்னால் இருப்பவர் அங்கிருந்து தன்னிடம் வரும்வரை விநாடி எண்ணுவார். 18 நாட் என்றால் பதினொரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக வரும். கப்பலை ஒட்டிய நுரையைப் பார்க்கக் கூடாது. கப்பல் அதைத் தன்னோடு கொஞ்சம் இழுத்துக்கொண்டே போகும், வேகம் குறைவாகத் தெரியும். சற்றுத் தள்ளியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு விநாடி தவறினால் ஒன்றரை நாட் போய்விடும் என்பதால் ஐந்தாறு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். அளப்பதற்காக எதையும் கடலில் வீசாதீர்கள், நம் ஆட்களின் வலையில்தான் வந்து மாட்டும். துல்லியத்தில் போன் இதை வென்றுவிடும். ஆனாலும் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைச் செய்துபார்க்காமல் வரக் கூடாது என்பேன்.

கண்ணை மட்டும் நம்பவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து பார்த்தால் கப்பல் ஊர்வதுபோல இருக்கும், கீழ் டெக்கிலிருந்து பார்த்தால் பறப்பதுபோல இருக்கும். முகத்தில் அடிக்கும் காற்றும் அப்படித்தான். காற்றே இல்லாத நாளில் 20 நாட்டில் போனால் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று அடிக்கும். பின்னாலிருந்து அதே வேகத்தில் காற்று வீசினால் டெக்கில் ஒரு துணிகூட அசையாது.

டிக்கெட் எடுக்காதவர்களும் அளக்கலாம். காசிமேடு என்4 கடற்கரையில் அசையாமல் நின்று, எதிரே ஒரு கம்பத்தையோ கொடிமரத்தையோ குறிவைத்துக்கொள்ளுங்கள். கப்பல் உங்கள் பார்வைக்குக் குறுக்காகப் போக வேண்டும், திரும்பிக்கொண்டிருக்கக் கூடாது. அதன் மூக்கு கம்பத்தைத் தொட்டதிலிருந்து வால் கடக்கும்வரை விநாடி எண்ணுங்கள். கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதே இல்லை, நீளம் தெரிந்தால் போதும், அது இணையத்தில் கிடைக்கும். 211 மீட்டர் கப்பல் 41 விநாடி எடுத்தால் விநாடிக்கு ஐந்து மீட்டருக்குச் சற்று மேல், இரட்டிப்பாக்கினால் 10 நாட். துறைமுகத்தை ஒட்டி அந்த அளவுதான் பார்க்கக் கிடைக்கும், முழு வேகமெடுப்பது துறைமுகத்தைத் தாண்டிய திறந்த கடலில்.