விரலில் குத்திப் பார்ப்பதா, கையில் சென்சார் ஒட்டுவதா?

எனக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருப்பது தெரிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இங்கே சிங்கப்பூரில் வீட்டுக்குப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.4 சதவீதம் என்று வந்தது. அன்றே மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டிலும் அவ்வப்போது சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார்கள். அதில்தான் குழப்பம் தொடங்கியது. விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தில் பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒரு பக்கம். மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு 14 நாள் எண் காட்டும் சென்சார் மறுபக்கம். இரண்டையும் வைத்திருந்து பார்த்துவிட்டுக் குளுக்கோமீட்டருக்கே திரும்பினேன்.

என் அண்ணனுக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்கும் இதே நோய்தான், பதினைந்து ஆண்டுகளாக. போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, "நீயும் ஒன்னு ஒட்டிக்கயேன்மா, எதுக்கு விரலைக் குத்திக் குத்திப் புண்ணாக்குற?" என்றார்.

"நீங்க இன்சுலின் போடுறீங்கண்ணே, எனக்கு மாத்திரை மட்டும்தான். ரெண்டும் ஒன்னில்ல" என்றேன்.

என் முடிவுக்கு அதுதான் அடிப்படை. இன்சுலின் போடுகிறவருக்கும் கிளிக்லாசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். தூக்கத்தில் இறங்கினால் ஆபத்து. அவர்களுக்கு எச்சரிக்கை மணி அடிக்கும் சென்சார் பெரிய துணை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு அப்படி இறங்குவது அரிது. ஆகவே இங்கே சொல்வது என்னைப் போன்றவர்களுக்கு. இன்சுலினோடு வாழ்ந்த அனுபவம் எனக்கு இல்லை, அதைப் பற்றி அண்ணன்தான் பேச வேண்டும்.

வலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் எறும்பு கடித்த அளவுதான். சென்சார் ஒட்டும்போதும் அவ்வளவே. நம் ஊர் வியர்வையில் ஒன்பதாம் நாளே அதன் ஓரம் எழும்பியது, மேலே ஒரு பிளாஸ்டர் போட்டுச் சமாளித்தேன்.

துல்லியத்தில் இரண்டுமே கொஞ்சம் முன்பின்தான். குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரம், 5.55 மில்லிமோலும் (ஒரு லிட்டர் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவு, இங்கே வரும் சர்க்கரை எண்கள் இந்த அலகில்தான்) அதற்கு மேலும் உள்ள நூறு அளவுகளில் குறைந்தது 95 அளவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மையில் 10 இருந்தால் 8.5 என்றும் வரலாம், 11.5 என்றும் வரலாம். சென்சார் இரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கு அடியிலுள்ள திசுநீரில் அளப்பதால், சாப்பிட்டு ஏறும்போதும் நடந்து இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் இல்லாத தாழ்நிலையையும் காட்டும். ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு அண்ணனின் சென்சார் அலறியிருக்கிறது. அண்ணி பதறி எழுந்து அவர் விரலைக் குத்திப் பார்த்தால் 6.1. சென்சார் போட்டவர் வீட்டிலும் குளுக்கோமீட்டர் இருந்தே ஆக வேண்டும்.

விரல் குத்துவதிலும் ஏமாறலாம். பலாப்பழம் உரித்த கையோடு பார்த்தபோது எனக்கு 13.2 வந்தது. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 7.4. விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு செய்த வேலை. ஸ்டிரிப் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் இங்குள்ள ஈரக்காற்றில் ஸ்டிரிப் கெட்டுப்போகும், எண்ணும் தப்பாக வரும்.

இனி செலவு. என்னைப் பொறுத்தவரை முடிவெடுக்க வைத்தது இதுதான். இந்த நோய்க்கு நாம் செலவழிப்பது ஒரு மாதமோ ஒரு வருடமோ அல்ல, இருக்கும் காலம் முழுக்க. சென்சார் நான் வாங்கியபோது 95 வெள்ளி. இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 26, கிட்டத்தட்ட 2,470 வெள்ளி. ஐம்பது ஸ்டிரிப் கொண்ட பெட்டி எனக்கு 30 வெள்ளிக்குக் கிடைக்கிறது, ஒன்று 60 காசு. வாரத்துக்கு ஆறு முறை பார்த்தால் ஆண்டுக்கு 312 ஸ்டிரிப், 190 வெள்ளிக்குள் முடிந்துவிடும். குத்தும் ஊசிக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை கடைக்குக் கடை மாறும், ஆனால் பத்து மடங்குக்கு மேல் என்ற இடைவெளி அவ்வளவு எளிதில் சுருங்காது. முதல் மாதம் ஆசையாக வாங்கிவிட்டு, வீட்டில் வேறு செலவு வரும்போது சென்சாரை நிறுத்திவிட்டு, கையில் குளுக்கோமீட்டரும் இல்லாமல் அடுத்த எச்பிஏ1சி வரைக்கும் எதுவும் பார்க்காமலே இருந்துவிடுகிறவர்களை நான் அறிவேன். எனக்கு அந்த நிலை வரக் கூடாது.

வாரத்துக்கு ஆறு முறை போதுமா என்று கேட்பீர்கள். எந்த ஆறு என்பதில்தான் இருக்கிறது. தினமும் காலை வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால், முந்தைய நாள் எந்தச் சாப்பாடு ஏற்றியது என்று தெரியாது. நான் வாரம் மூன்று வேளையைத் தேர்ந்தெடுக்கிறேன். ஒவ்வொன்றிலும் முதல் வாய் வைக்குமுன் ஒருமுறை, வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. எனக்குச் சொல்லியிருக்கும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7, பின் 10க்குள். (திருச்சியில் இருக்கும் சித்தி தொலைபேசியில் 180 என்பார், அது மில்லிகிராம் கணக்கு, அதை 18ஆல் வகுத்தால் நம் கணக்கில் 10.) நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் 6.2ஐ 11.4 ஆக்கின. இரண்டு இட்லியும் நிறையக் காய் போட்ட கெட்டிச் சாம்பாரும் என்று மாற்றினேன், 8.6. தனி எண்ணைவிட இந்த இடைவெளிதான் எனக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தது.

சென்சார் மட்டுமே சொன்ன விஷயங்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கோப்பிக்கடையில் இரண்டு பரோட்டாவும் தே ஓ கோசோங்கும் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) சாப்பிட்ட அன்று, இரண்டாவது மணி நேரத்தில் 8.9தான். குளுக்கோமீட்டர் மட்டும் இருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். நான்காவது மணி நேரத்தில் 11.3 ஏறியிருந்தது, கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தியதால். இரவு 6.8இல் படுத்தவளுக்கு விடிகாலை நான்கு மணியிலிருந்து தானாக ஏறி எழும்போது 7.6. இரவு ஒன்றும் சாப்பிடாமலே ஏன் கூடுகிறது என்று பல மாதம் என்னையே நொந்திருக்கிறேன். விடியலில் சுரக்கும் ஹார்மோன்களால் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது என்பது அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் மனதில் பதிந்தது. அந்த 95 வெள்ளிக்கு நான் வருந்தவில்லை.

ஆனால் இரண்டாவது வாரம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதே பசியாறல், அதே கோடு. கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்த்து, 9ஐத் தாண்டினாலே சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் கணவர் பயந்துபோனார்.

கடந்த முறை எச்பிஏ1சி 6.9. அதற்குக் குளுக்கோமீட்டர் மட்டுமே காரணமா, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் புளோக்கைச் சுற்றி நடக்கும் இருபது நிமிடமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சென்சாரை முழுக்க விட்டுவிடவில்லை. மருந்து மாறினாலோ சாப்பாட்டு முறை மாறினாலோ ஒன்று ஒட்டுவேன். அடுத்தது புரட்டாசிக்கு. மாதம் முழுக்கச் சைவம் என்றால் எங்கள் வீட்டில் மீன் போன இடத்தில் உருளைக்கிழங்கும் சோறும் கூடிவிடும். அந்த இரண்டு வாரத்துக்கான பணத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.