ஷாட்னெஸ்: புதுக் கம்பளிக் கோட்டா, மறுசுழற்சிக் கம்பளிக் கோட்டா?

கம்பளியும் லினனும் (ஆளிச்செடி நார்த்துணி) கலந்த உடையை யூதச் சட்டம் ஷாட்னெஸ் என்கிறது. விவிலியத்தின் உபாகமம் 22:11 விலக்குவது செம்மறியாட்டுக் கம்பளியும் லினனும் சேர்ந்த உடையை மட்டுமே. பருத்தி, பட்டு, பாலியெஸ்டர் எதனோடு சேர்ந்தாலும் தடையில்லை. ஆனால் கம்பளிக் கோட்டில் ஒரே ஒரு லினன் நூல் தைத்திருந்தாலும் அணியக் கூடாது.

புதுக் கோட்டில் லினன் ஒளிந்திருக்கும் இடங்கள் தெரிந்தவைதான்: காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் கான்வாஸ், தோள் பேட், பொத்தான் துளை. சோதகர் காலர் தையலைப் பிரித்து நாலைந்து இழைகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். கம்பளியில் செதில் தெரியும். லினனில் மூங்கில் கணுபோல முடிச்சு முடிச்சாக. கான்வாஸ்தான் குற்றவாளி என்றால் அதை எடுத்துவிட்டுப் பருத்தியில் வைத்துத் தைத்தால் போதும்.

மறுசுழற்சித் துணியில் சிக்கலே வேறு. பழைய உடைகளைக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்கிறார்கள். லினன் வந்திருந்தால் அது நூலுக்குள்ளேயே இருக்கும், பிரித்தெடுக்க வழியில்லை. ஒரு மூலையில் இழை எடுத்தால் மறுமூலைக்கு அது சாட்சியாகாது. லேபிளில் ‘பிற நார்கள்’ என்றிருந்தால் இன்னும் மோசம்.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் கிலாயிம் 9:1 ஒரு வாசல் திறக்கிறது: கம்பளியும் ஒட்டக மயிரும் ஒன்றாகச் சிக்கெடுக்கப்பட்டு ஒட்டக மயிரே அதிகமென்றால், அதை லினனோடு சேர்க்கலாம். சரிபாதியென்றால் கூடாது. பாலியெஸ்டர் மிகுந்த மறுசுழற்சி நூலுக்கு இதை நீட்டலாமா என்பது ரப்பியை (யூத மதகுரு) கேட்க வேண்டிய கேள்வி, கடைக்காரரை அல்ல.

சோதனைக்கூடம் பக்கத்தில் இருந்தால் புதுக் கோட்டே தொல்லை குறைவு. மறுசுழற்சிதான் வேண்டுமென்றால் கம்பளியே கலவாத பாலியெஸ்டரைப் பாருங்கள்.