உண்ணிச்செடியை அகற்ற ஜேசிபியா, கொத்தா?

முதுமலை, சத்தியமங்கலம் காட்டுச் சாலைகளில் போனவர்களுக்கு உண்ணிச்செடியை (லண்டானா) தெரிந்திருக்கும். அழகுக்காக 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்த செடி, இன்று புல் முளைக்க இடம் விடாமல் காட்டுத் தரையை மூடிக் கிடக்கிறது. புல் போனால் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் ஏது? அகற்றியே ஆக வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

ஜேசிபி வேகமானது. ஆட்கள் பல நாள் செய்யும் வேலையை ஒரே நாளில் முடித்துவிடும். ஆனால் உண்ணியோடு சேர்ந்து நாட்டு மரக் கன்றுகளும் புல் வேர்களும் போய்விடும். கிளறிய மண்ணில் வெயில் பட்டதும், உள்ளே கிடந்த உண்ணி விதைகள் அடுத்த மழைக்கே முளைக்கும்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு குழுவினர் உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய வேர்வெட்டு முறை வேறு மாதிரி. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் ஓரிரு அங்குல ஆழத்தில் கொத்தால் வெட்டி, புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். மண்ணைத் தொடாத தண்டு மறுபடி வேர் விடாமல் காயும். தரையும் அதிகம் கலையாது. வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆட்கள் நிறைய வேண்டும். ஆனால் அந்தக் கூலி காட்டோர ஊர்களுக்கே போகும் என்பதால் இதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

தீ வைப்பது வேண்டவே வேண்டாம். சோளகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் வைத்த சிறு தீ வேறு. உண்ணி அடர்ந்த காட்டில் பிடிக்கும் தீ மரத்தின் மேல்வரை ஏறும். அப்புறம் அடிவேரிலிருந்து உண்ணிதான் முதலில் துளிர்க்கும். உண்ணியைத் தின்னும் பூச்சியை விட்டுப் பார்த்ததும் கைகொடுக்கவில்லை. 1941இல் கொண்டுவந்த ஒரு பூச்சி, தேக்குப் பூவையும் தின்னும் என்று பயந்து கைவிட்ட பிறகும் தப்பிப் பரவியது. உண்ணி குறையவில்லை.

உண்ணிக் குச்சியில் நாற்காலி, யானைச் சிற்பம் செய்வது நல்ல பிழைப்பு. ஆனால் கைவினைக்கு வேண்டியது நீளமான தண்டு மட்டும். அதை வெட்டிக்கொண்டு வேரை விட்டுவிட்டால் செடி மறுபடி தழைக்கும். வேர்வெட்டோடு சேர்த்துச் செய்தால் சரி.

என் தேர்வு வேர்வெட்டுதான், அதுவும் காய் பழுக்கும் முன்பே. பழம் தின்ற பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் கன்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். அடுத்த இரண்டு மூன்று வருடம் அவற்றைப் பிடுங்காவிட்டால் முதல் வருட உழைப்பு வீண். அதனால் அகற்றிய பரப்பை வெட்டிய மாதத்தில் அளந்து, அகற்றும் வேலைக்கான முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, மூன்றாவது மழைக்காலம் முடிந்தபின் அங்கே புல் நிற்கிறதா என்று பார்த்துக் கொடுக்கட்டும்.